மதுரை மொட்டை மாடிக்கு எந்த மவுண்ட்? ஆல்ட்டசிமத் போதுமா?

மதுரைல இருந்து ஒரு அப்பா கேட்டிருக்கார்: "எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு டெலஸ்கோப் வாங்கப்போறேன் சார். ஆல்ட்டசிமத் மவுண்ட் எல்லாம் விளையாட்டுச் சாமான், ஈக்வடோரியல்தான் ஒரிஜினல்னு கடைல சொல்றாங்க, விலையும் ஜாஸ்தி. மொட்டை மாடில வச்சுப் பார்க்கணும், முடிஞ்சா போட்டோவும் எடுக்கணும். எதை வாங்கட்டும்?"

மவுண்ட்னா டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்புற ஸ்டாண்ட், அதுல ஆல்ட்டசிமத்தே வாங்குங்க. விளையாட்டுச் சாமான்னு சொன்னவரை ஒரு தடவை லடாக் கூட்டிட்டுப் போகணும், ஹான்லேல 4500 மீட்டர் உயரத்துல நிக்கிற 2 மீட்டர் அகலக் கண்ணாடி வச்ச சந்திரா டெலஸ்கோப் இதே மவுண்ட்தான், நைனிடால் பக்கம் தேவஸ்தல்ல இருக்கற 3.6 மீட்டரும் இதேதான், ஹவாயில இருக்கற 10 மீட்டர் கெக் டெலஸ்கோப்பும் இதேதான்.

வீட்ல ஸ்டாண்ட் ஃபேன் இருக்கா? இடம் வலமா திருப்புறோம், தலையை மேல கீழ சாய்க்கிறோம், அவ்ளோதான் ஆல்ட்டசிமத். சிக்கல் எங்கன்னா வானம் அப்படி சுத்தாது. துருவ நட்சத்திரத்தை மையமா வச்சு சாய்வா சுத்துது, மணிக்கு 15 டிகிரி. அதனால ஒரு நட்சத்திரத்தைத் துரத்தணும்னா ரெண்டு அச்சையும் ஒரே நேரத்துல, அதுவும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுற வேகத்துல நகர்த்தணும். ஈக்வடோரியல்ல ஒரு அச்சைத் துருவத்தைப் பார்த்து சாய்ச்சுட்டா ஒரே மோட்டார் ஒரே வேகத்துல சுத்தினா போதும், கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல பெரியவங்க அதைக் கட்டினதுக்குக் காரணம் அதுதான். நம்ம காவலூர்ல 1986ல திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் கூட ஈக்வடோரியல்தான். ஆனா டன் கணக்குல எடையை சாய்ஞ்ச அச்சுல தாங்கணும்னா இரும்பு, டோம், செலவு எல்லாம் எகிறும். 1970கள்ல ரஷ்யாக்காரங்க 6 மீட்டர் டெலஸ்கோப்பை ஆல்ட்டசிமத்துல வச்சு, கணக்கைக் கம்ப்யூட்டர்கிட்ட விட்டாங்க, அதுக்கப்புறம் பெரிய டெலஸ்கோப் கட்டினவங்க எல்லாரும் கிட்டத்தட்ட அந்த வழிதான்.

இதுக்கு நடுவுல ஊட்டி ரேடியோ டெலஸ்கோப்பைச் சொல்லாம விட மனசு வரல. ஊட்டி இருக்கறது சுமார் 11 டிகிரி வடக்கு, அதே 11 டிகிரி சாயுற மலைச்சரிவாப் பார்த்துத் தேடி 530 மீட்டர் நீளத்துக்கு ஆன்டெனாவைக் கட்டியிருக்காங்க, அதனால அதோட அச்சு தானாவே துருவத்தைப் பார்த்து சாய்ஞ்சிருக்கு, அதாவது மலையே ஈக்வடோரியல் மவுண்ட்!

சரி, மதுரைக்கு வருவோம். அங்க துருவ நட்சத்திரம் அடிவானத்துல இருந்து வெறும் 10 டிகிரி உயரம், பக்கத்து வீட்டு தண்ணி டேங்க் மறைச்சுடும், இல்லாட்டி தூசுல காணாமப் போயிடும், அதைப் பார்க்காம ஈக்வடோரியலை செட் பண்றதுக்குள்ள பொண்ணு தூங்கியே போயிடும். அச்சு அவ்ளோ படுத்துக் கிடக்கறப்ப எதிர் எடைக் கம்பி ட்ரைபாட் கால்ல இடிக்கிறதும் உண்டு. ஆல்ட்டசிமத்னா வச்சோம் பார்த்தோம். அதோட நம்ம ஊர்ல கிழக்குல உதிக்கிறது கிட்டத்தட்ட நேர் செங்குத்தா ஏறும், அதனால அந்தப் பக்கம் பார்க்கறப்ப பெரும்பாலும் மேல தள்ளிக்கிட்டே இருந்தா போதும். 100 மடங்கு பெருக்கத்துல சாதாரண ஐபீஸ்ல (கண்ணை வச்சுப் பார்க்கற லென்ஸ்) ஒரு கிரகம் ரெண்டு நிமிஷத்துல வெளிய ஓடிடும், மெதுவா ஒரு தட்டு தட்டணும், ரெண்டு நாள்ல கை பழகிடும்.

கஷ்டம் நேர் உச்சிலதான். அங்க ஒரு பொருள் கொஞ்சூண்டு நகர்ந்தாலும் ட்யூபை கிடைமட்டமா பாதி வட்டம் திருப்ப வேண்டியிருக்கும். பெரிய டெலஸ்கோப்புங்களும் உச்சிக்குப் பக்கத்துல ஒரு சின்ன வட்டத்தை விட்டுடும். நீங்க அரை மணி நேரம் காத்திருந்தா போதும், அது தானா இறங்கிடும்.

போட்டோல இன்னொரு வில்லங்கம், நட்சத்திரத்தை நடுவுல கச்சிதமா பிடிச்சு வச்சிருந்தாலும் சுத்தியிருக்கற படம் மெல்ல சுழலும். பெரிய இடங்கள்ல கேமராவையே எதிர்ப்பக்கம் சுத்தவிட்டு சரிபண்றாங்க. இந்தச் சுழற்சி நேர் கிழக்கு, நேர் மேற்குல கிட்டத்தட்ட பூஜ்யம், வடக்கு தெற்குல உயரம் போகப் போக மோசம். ஓரியன் நெபுலா (ஓரியன் நட்சத்திரக் கூட்டத்துல இருக்கற வாயு மேகம்) மதுரைல தெற்கால 75 டிகிரி உயரத்துல உச்சத்தைத் தொடுறப்ப நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி படம் திரும்பும், அதையே கிழக்குல 40 டிகிரில இருக்கறப்பவே எடுத்தா பாதிப்பு ரொம்பக் கம்மி. 10 செகண்ட் 10 செகண்டா நூறு படம் எடுத்து சாஃப்ட்வேர்ல அடுக்குங்க, இப்ப வர்ற ஸ்மார்ட் டெலஸ்கோப்புங்க பலதும் செய்யறது இதைத்தான். ஆனா அதுக்கு மோட்டார் வேணும். நிலாவை மட்டும்னா கையால தள்ளுறதுலயே மொபைலை ஐபீஸ்ல வச்சு எடுக்கலாம்.

என் சாய்ஸ் கேட்டா டாப்சோனியன், அதுவும் ஆல்ட்டசிமத்தான், ப்ளைவுட் பெட்டி, வழுக்கித் திரும்ப டெஃப்லான் துண்டு, அவ்ளோதான் சூட்சுமம். ஜான் டாப்சன்னு ஒருத்தர், சான் பிரான்சிஸ்கோல ராமகிருஷ்ணர் வழி வேதாந்த மடத்துல 23 வருஷம் துறவியா இருந்தவர், கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்ச்சு மிரர் பண்ணி, தெருவுல போறவங்களுக்கு நிலா காட்டினாரு.

கடைல காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு விரலால ட்யூபைத் தள்ளிப் பாருங்க, வழுக்கிட்டுப் போய் விட்ட இடத்துலயே நிக்கணும், எகிறித் திரும்பி வந்தா வேணாம். அப்புறம் ட்யூபை லேசா தட்டிட்டு ஐபீஸ்ல பாருங்க, ரெண்டு மூணு செகண்ட்ல ஆட்டம் அடங்கணும், அஞ்சாறு செகண்ட் ஆடினா எந்த மவுண்ட்னு பேர் சொன்னாலும் வேற காட்டச் சொல்லுங்க.