கேளுங்க சொல்றேன்: தோல் விடாத பூண்டு

கேள்வி: அக்கா, போன வாரம் கொடைக்கானல் போயிட்டு வர்றப்போ பூம்பாறைல 2 கிலோ மலைப்பூண்டு வாங்கினேன், வாசனை காரையே தூக்குச்சு. ஆனா உரிக்க உக்காந்தா தோல் பல்லோட ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது, நகக்கண்ணெல்லாம் எரியுது. கடைப் பூண்டு இப்படி படுத்தாதே?
– வாசகி, மதுரை

பதில்: செடியில இருந்து புடுங்கி கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும்மா, தோல்ல இன்னும் ஈரம் இருக்கு, அதான் விட மாட்டேங்குது. கடைப் பூண்டு காஞ்சு, மூட்டையில கெடந்து, சந்தை சந்தையா சுத்திட்டு வர்றதுக்குள்ள தோல் பேப்பர் மாதிரி ஆயிடும், ஊதினா பறக்கும். உங்க பூண்டு தாளோட இருந்தா கத்தையா கட்டி நிழல்ல, காத்து படுற மாதிரி ரெண்டு மூணு வாரம் தொங்க விடுங்க. பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சா புழுங்கி பூஞ்சை புடிச்சிடும், முழுப் பூண்டை ஃப்ரிட்ஜ்லயும் வைக்காதீங்க, அந்தக் குளிருக்கு சீக்கிரமா முளை விட்டுடும்.

இன்னிக்கே சமைக்கணும்னா பல்லு பல்லா பிரிச்சு, வேர்ப்பக்கத்தை லேசா சீவி விட்டு, வெதுவெதுப்பான தண்ணில 10 நிமிஷம் போடுங்க, அப்புறம் அந்த சீவின பக்கத்துல இருந்து இழுத்தா கழண்டு வந்துடும். மொத்தமா உரிக்கணும்னா எங்க அம்மாச்சி வழிதான்: நல்லெண்ணெய் தடவி வெயில்ல காய வச்சு, கெட்டித் துணியில போட்டு தேய்ச்சு, முறத்துல புடைச்சா தோல் தனியா பறந்துடும். டப்பால போட்டு குலுக்குற வீடியோவ பாத்துட்டு நானும் புதுப் பூண்டை எவர்சில்வர் டப்பால போட்டு குலுக்கினேன், பாதி நசுங்கி, பாதி தோலோட அப்படியே இருந்துச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க என்ன சத்தம்னு வந்து கேட்டதுதான் மிச்சம். அது நல்லா காஞ்ச பூண்டுக்குத்தான் சரிப்படும். எரியுதுன்னா நகத்தால கீறாதீங்க, பூண்டுச் சாறு நகக்கண்ணுல எறங்குனா புண்ணே ஆயிடும், சின்னக் கத்தி வச்சுக்கோங்க.

ஒண்ணு சொல்லணும், கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கெடச்சதுல இருந்து வர்ற போற பூண்டுக்கெல்லாம் மலைப்பூண்டுன்னு பேர் வச்சு விக்கிறாங்க, நீங்க ஊர்லயே போய் வாங்கினது நல்லது.

கேள்வி: ரசத்துக்கு தட்டிப் போடுறோம், வத்தக்குழம்புக்கு முழுசா போடுறோம். ஒரே பூண்டுதானே, ருசி ஏன் இப்படி மாறுது?
– வாசகர், கரூர்

பதில்: முழுப் பல்லை முகர்ந்து பாருங்க தம்பி, பெருசா வாசனையே இருக்காது. அல்லீன்னு ஒரு பொருளும் அதை உடைக்கிற என்சைமும் உள்ள தனித்தனி அறையில இருக்கு, நீங்க நசுக்குறப்போதான் ரெண்டும் சேந்து அல்லிசின் ஆகுது, அந்த காரமும் நெடியும் அதுதான். அதனால எவ்வளவு நசுக்குறோமோ அவ்வளவு காரம். முழுசா எண்ணெயில போட்டா சேர்றதுக்கு முன்னாடியே சூட்டுல என்சைம் செத்துடும், பல்லு வெந்து வெண்ணெய் மாதிரி இனிப்பா ஆயிடும். ரசத்துக்கு தோலோடவே உரல்ல ரெண்டு தட்டு தட்டிட்டு, 5, 10 நிமிஷம் அப்படியே விட்டு அப்புறம் போட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும். மிக்ஸில மைய அரைச்சு ரசத்துல ஊத்துறவங்கள என்ன சொல்றதுன்னே தெரியல.

கேள்வி: இஞ்சி பூண்டு பேஸ்ட் கெடாம இருக்கட்டும்னு எலுமிச்சை சாறு ஊத்தி அரைச்சேன், காலைல பாத்தா பச்சையா இருக்கு! மாமியார் கொட்டச் சொல்றாங்க.
– வாசகி, சேலம்

பதில்: கொட்டாதீங்க. பூண்டுல இருக்குற கந்தகச் சத்தும் அமினோ அமிலமும் புளிப்புல சேந்தா இப்படி பச்சையோ நீலமோ ஆகும், ஃப்ரிட்ஜ்ல கெடந்த பூண்டுல இது அடிக்கடி நடக்கும். பூஞ்சை இல்லாம, கெட்ட வாடை வராம இருந்தா தாராளமா சமைக்கலாம். அடுத்த தடவை எலுமிச்சைக்கு பதிலா உப்பும் கொஞ்சம் எண்ணெயும் போட்டு அரைச்சு, சின்னச் சின்ன கட்டியா ஃப்ரீசர்ல போட்டு வைங்க. மாமியார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

கேள்வி: உரிச்ச பூண்டை எண்ணெயில போட்டு வெளியவே வைக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கூடவே கூடாது. எண்ணெய்க்குள்ள காத்து போகாது, அங்க வளர்ற ஒரு கிருமி உண்டாக்குற விஷம் உயிருக்கே ஆபத்து, நாத்தமும் வராது, நிறமும் மாறாது. போட்ட உடனே ஃப்ரிட்ஜ்ல வச்சு 4 நாளுக்குள்ள முடிச்சிடுங்க. ஊறுகாய்ல புளிப்பும் உப்பும் நிறைய இருக்கு, அது வேற கதை. ஏற்கனவே வெளிய வச்ச பாட்டில் இருந்தா மோந்து பாத்துட்டு இருக்காதீங்க, கொட்டிடுங்க.