கிழிக்கச் சுலபமான திரைச்சீலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெர்ரி பிராட்செட்டின் 'கார்ப்பே ஜுகுலம்' நாவலைப் போன வாரம் படித்து முடித்தேன். முதல் பாதியில் வாய்விட்டுச் சிரித்தேன். எஸ்க்ரோ என்ற ஊர் வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன். நகைச்சுவை நாவலின் வில்லன் இப்படி இருக்கலாமா? மேக்பைர் பிரபு கடைசிவரை கோமாளி ஆகவே இல்லை. ஆசிரியர் தன் கதையின் சுருதியைத் தவறவிட்டுவிட்டாரோ என்று தோன்றியது. நானும் ஒரு நகைச்சுவை மிகுபுனைவு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் ரத்தக்காட்டேரி சிரிக்க வைத்தால் பயமுறுத்துவதில்லை, பயமுறுத்தினால் கதையோடு ஒட்டுவதில்லை. மூன்றாம் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

சுருதி தவறவில்லை. நீங்கள் புத்தகத்தை மூடிய இடத்தில்தான் அந்த நாவல் தன் வேலையை முடித்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வில்லன்களில் ஒருவன் மேக்பைர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாவலை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இந்தப் பதிலைப் பிறகு படிக்கலாம்; முடிவுவரை பேசப்போகிறேன்.

1998-இல் வந்த நாவல் அது, டிஸ்க்வேர்ல்டு என்ற கற்பனை உலகத்தில் நடக்கும் பிராட்செட்டின் நாவல் வரிசையில் 23-ஆவது. லாங்கர் என்ற மலைநாட்டுச் சின்ன அரசின் மன்னர் வெரன்ஸ், மகளின் பெயர்சூட்டு விழாவுக்கு அண்டை நாட்டு ரத்தக்காட்டேரிகளான மேக்பைர் குடும்பத்தையும் அழைக்கிறார். ரத்தக்காட்டேரி அழைக்காமல் வீட்டுக்குள் வர முடியாது என்பது பழைய விதி. மன்னரின் மரியாதையே வாசலைத் திறந்துவிடுகிறது. வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. கத்தி எடுக்காமல், எல்லோர் மனதையும் இதமாக மழுங்கடித்து நாட்டை எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பிரபுவுக்கு முன்னால் ஒரு கிழட்டுப் பிரபு இருந்தார் அல்லவா, நாவலின் திறவுகோல் அவரிடம் இருக்கிறது. அவருடைய கோட்டையின் பெயரே 'கோட்டைப்பக்கம் போகாதே' என்று பொருள்படும். உள்ளே பெரிய பெரிய சன்னல்கள், ஓர் இழுப்பில் கையோடு வரும் திரைச்சீலைகள், அவசரத்தில் உடைத்தால் புனிதச் சின்னமாகிவிடக்கூடிய அலங்காரப் பொருட்கள். முதல் வாசிப்பில் இதெல்லாம் பழைய பேய்ப்படங்களைச் சீண்டுவதாகவே தெரியும். இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கிழவர் தன்னால் வேட்டையாடப்படுகிறவனுக்கு ஒரு வாய்ப்பு வைத்திருந்தார். தைரியம் உள்ள ஒருவன் திரையை இழுத்தால் தப்பிக்கலாம். ஊர்க்காரர்களுக்கும் அது தெரியும். அதனால் அவர்மேல் அவர்களுக்கு ஒருவகை மதிப்புகூட இருக்கிறது.

புதிய பிரபு அந்த வாய்ப்பை ஒழிக்கிறான். பூண்டு, புனித நீர், வெயில் எல்லாம் மனப்பழக்கம்தான், பயிற்சி செய்தால் போய்விடும் என்கிறான். பிள்ளைகளுக்குச் சிறுவயதிலிருந்தே எல்லா மதங்களின் சின்னங்களையும் அட்டைகளில் காட்டிக் காட்டி அச்சத்தைப் போக்குகிறான். பகலில் நடமாடுகிறான், வைன் குடிக்கிறான், நவீனமாகப் பேசுகிறான்.

அவன் சொல்வதில் பாதி உண்மையும்கூட. நம் உலகத்திலேயே ரத்தக்காட்டேரியின் பலவீனங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவைதான். 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா வெயிலில் எரிந்து போவதில்லை. பட்டப்பகலில் லண்டன் பிக்காடிலி வீதியில் அவனை அந்த நாவலின் முக்கியப் பாத்திரமான ஜோனதன் ஹார்க்கர் பார்க்கிறான். விடியல் வெளிச்சம் பட்டு ரத்தக்காட்டேரி மறைந்துபோவது 1922-இல் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப்படத்திலிருந்து பரவியது. ரத்தக்காட்டேரி பிரபுவானதுகூட இடையில் வந்ததுதான். 1732-இல் ஆஸ்திரிய ராணுவ மருத்துவர்கள் செர்பியக் கிராமம் ஒன்றில் கல்லறைகளைத் தோண்டிப் பார்த்து எழுதிய அறிக்கையில் ரத்தக்காட்டேரிகளாக வருகிறவர்கள் சாதாரணக் கிராமத்து மனிதர்கள். 1819-இல் ஜான் பொலிடோரியின் கதைக்குப் பிறகே அவன் உயர்குடி உடை அணிந்தான். ஆகவே மேக்பைர் 'இதெல்லாம் கட்டுக்கதை' என்று சொல்லும்போது படிக்கிற நாமும் தலையாட்டிவிடுகிறோம். பிராட்செட் நம்மை அழகாக அவன் பக்கம் உட்கார வைத்துவிடுகிறார்.

அங்கிருந்து எஸ்க்ரோவுக்குக் கூட்டிப்போகிறார். மணி அடித்ததும் ஊர்க்காரர்கள் வெளியே வந்து வரிசையில் நிற்கிறார்கள், பிள்ளைகளோடு. ரத்தம் கொடுக்க. துரத்தல் இல்லை, அலறல் இல்லை. இது ஓர் ஏற்பாடு, இரு தரப்புக்கும் நல்லது என்கிறான் பிரபு. மனதார நம்பியே சொல்கிறான். எஸ்க்ரோ என்பது ஒப்பந்தம் முடியும்வரை மூன்றாம் ஆளிடம் ஒப்படைத்து வைக்கும் பணத்துக்கான சொல். அந்தப் பெயரை ஓர் ஊருக்கு வைத்ததில் இருக்கும் கோபத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. பட்டப்பகலில் மக்களின் ரத்தத்தை உறிஞ்சுகிறவர்கள் லண்டனிலும் பாரிஸிலும் இருந்தார்கள், அவர்கள் பங்குத் தரகர்களும் வியாபாரிகளும் என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் எழுதிவிட்டார். மேக்பைர் அந்த வம்சம். அவனுடைய பகல்நேர நடமாட்டத்துக்கு அர்த்தம் அதுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நகைச்சுவை நாவலில் வில்லன் தமாஷாக இருந்தே ஆகவேண்டும் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். இந்த நாவலில் சிரிப்பு அவனைச் சுற்றி இருக்கிறது. கதவுக் கீல் கிறீச்சிட வேண்டும், ஒட்டடை சரியான இடத்தில் தொங்க வேண்டும் என்று உருகுகிற வேலைக்காரன் ஈகோர் சிரிக்க வைக்கிறான். நானி ஆக் என்ற சூனியக்காரி சிரிக்க வைக்கிறாள். பிரபு ஒருபோதும் தன்னை வேடிக்கையாக நினைப்பதில்லை. அவன் தர்க்கம் ஓர் அடி அதிகமாகப் போகும்போது நாம் சிரிக்கிறோம், இன்னும் ஓர் அடி போகும்போது சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே தர்க்கம். எழுத்தாளர் தொனியை மாற்றவே இல்லை, தூரத்தை மட்டும் கூட்டினார்.

தோல்வியும் அதே தர்க்கத்திலிருந்து வருவதால்தான் முடிவு எனக்கு இவ்வளவு நிறைவாக இருக்கிறது. கிரானி வெதர்வாக்ஸ் என்ற கிழட்டுச் சூனியக்காரியை அவர்கள் கடிக்கிறார்கள். அவள் தன்னையே தன் ரத்தத்தில் ஏற்றி வைத்திருக்கிறாள். அவளை மாற்ற நினைத்தவர்களை அவள் மாற்றுகிறாள். எல்லோருக்கும் தேநீர் ஏக்கம் வந்துவிடுகிறது. அட்டை காட்டி வளர்த்த கல்வியும் திரும்பிக் கடிக்கிறது. அத்தனை மதங்களின் சின்னங்களையும் அடையாளம் காணத் தெரிந்தவர்களுக்குப் பயம் திரும்பி வந்தால் என்ன ஆகும்? பார்க்கிற கோடெல்லாம் சின்னமாகத் தெரியும். தெரிந்துகொள்ளாமலே இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள். சூழ்ச்சிக்கார வில்லனை வெளியிலிருந்து வந்த வீரன் வெட்டிச் சாய்த்தால் அவன் சூழ்ச்சிக்கு மரியாதை இல்லை. அவன் போட்ட முடிச்சிலேயே அவன் கால் சிக்க வேண்டும்.

ஓட்ஸ் என்ற இளம் பாதிரியாரிடம் கிரானி ஓரிடத்தில் பாவத்தைப் பற்றிப் பேசுகிறாள். மனிதர்களைப் பொருட்களாக நடத்துவதில்தான் எல்லாப் பாவமும் தொடங்குகிறது என்பது அவள் கட்சி. எஸ்க்ரோவின் வரிசையை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களை இன்னொரு முறை படியுங்கள். நான் படித்த எந்த 'தீவிர' நாவலிலும் இந்தக் கருத்து இவ்வளவு தெளிவாக என்னை வந்து அடையவில்லை.

உங்கள் மூன்றாம் அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். உரையாடல் நன்றாக ஓடுகிறது. உங்கள் காட்டேரி படிக்கட்டில் தடுக்கி விழும் காட்சியில் நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவன் என்ன செய்தாலும் பயம் வரவில்லை, ஏனென்றால் அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்கே தெரியவில்லை. நானும் முன்பு இப்படி ஒரு கதை எழுதி, ஐம்பது பக்கம் தாண்டி நிறுத்தியிருக்கிறேன். என் வில்லன் எல்லோரையும் மிரட்டிக்கொண்டே இருந்தான். அவனுக்கென்று ஒரு திட்டமும், அது நியாயம்தான் என்ற நம்பிக்கையும் தர எனக்கு அப்போது தோன்றவில்லை.

படிக்கட்டை எடுத்துவிடுங்கள். அந்த விருந்துக் காட்சியில் அவன் கிராமத்து மூப்பரிடம் ஏதோ முணுமுணுக்கிறான், மூப்பர் சிரிக்கிறார், நீங்கள் வேகமாகக் கடந்துவிடுகிறீர்கள். அவன் என்ன சொன்னான்? மூப்பருக்கு நல்லதாகவே படக்கூடிய, மறுக்கக் காரணமே கிடைக்காத ஒன்றை அவன் சொல்லியிருக்க வேண்டும். அதை முழுதாக எழுதி அனுப்புங்கள். அந்த மேசையில் யார் முதலில் சிரிப்பை நிறுத்துகிறார் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.