கண்ணில் மாட்டினால் அவர் வருகிறார்

கேள்வி: வீட்டுக்காரர் இறந்து எட்டு மாசம் ஆகுது. எஸ்டேட் ஃபேக்டரியில வேலை பார்த்தவர். நான் கொழுந்து எடுக்கிறேன். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கிற மகன், லீவுக்கு வந்தப்ப கண்ணில் மாட்டுற ஒரு கருவி கொண்டு வந்தான். மாட்டினா எங்க லயத்து வீட்டு வாசல் தெரியுது. பெஞ்சுல அவர் உட்கார்ந்து "சாப்பிட்டியா புள்ள"ன்னு கேக்குறார். வாட்ஸ்ஆப்ல அனுப்பின பேச்சை வச்சு அவர் குரலையே செஞ்சிருக்கானாம். நான் கேட்டா பதிலும் சொல்றார். இப்ப தினம் ராத்திரி போடுறேன். கையை நீட்டுனா சுவத்துலதான் இடிக்குது. கழட்டினதும் அழுகை. காலையில வேலைக்கு, பெரட்டுக்குப் போகவே பிடிக்கல. "பைத்தியம் பிடிச்சிரும்மா"ன்னு மகள் பயப்படுறா. நான் செய்றது தப்பா?
- பெயர் வேண்டாம், வண்டிப்பெரியார்

அன்புச் சகோதரிக்கு,

தப்பே இல்லை. பைத்தியமும் இல்லை. அவர் அங்கே இல்லையென்று தெரிந்தும் கை ஏன் நீள்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதி பயம் அதிலேயே போய்விடும்.

மெய்நிகர் (வி.ஆர்.) கருவி என்கிற அது இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டுகிறது. தலையைத் திருப்பினால், நிஜ வாசலில் நின்று திரும்பினால் என்ன தெரியுமோ அதுவே தெரிகிறது. கண்ணும் காதும் ஒன்றையே சொன்னால் உடம்பு நம்பிவிடும். புத்தி சொல்வதைக் கேட்காது. நானும் ஒருமுறை அதை மாட்டிக்கொண்டு, உயரமான கட்டடத்தின் உச்சியில் நீட்டியிருந்த பலகை மேல் நின்றேன். காலுக்குக் கீழே இருப்பது அறையின் சிமென்ட் தரைதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் முழங்கால் நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. ஒரு அடி வைக்க முடியவில்லை.

1998இல் போட்வினிக், கோஹன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவரின் சொந்தக் கையைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்து, கண்ணெதிரே ரப்பர் கை ஒன்றை வைத்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். கொஞ்ச நேரத்தில், அந்த ரப்பர் கையில்தான் தொடுதல் தெரிவதாகப் பலர் சொன்னார்கள். ரப்பர் கைக்கே மனசு இப்படி ஏமாறும் என்றால், கூடவே வாழ்ந்தவரின் குரலுக்கு நீங்கள் கை நீட்டியதில் என்ன அதிசயம்? இந்த ஏமாற்றத்தை வைத்தே வைத்தியமும் நடக்கிறது. உயரத்தைக் கண்டு அஞ்சுகிறவர்களின் பயத்தைக் குறைக்க 1990களிலேயே இதைப் பயன்படுத்தினார்கள். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது வலி தெரியாமலிருக்க, நோயாளிக்குப் பனி உலகம் ஒன்றைக் காட்டுகிற முறையும் உண்டு.

இறந்தவரோடு பேசுவதும் நமக்குப் புதிதில்லை. ஒப்பாரியில் என்ன செய்கிறோம்? "என்னை விட்டுப் போனீரே" என்று அவரிடமே நேராகப் பேசுகிறோம். ஆனால் அங்கே தோளோடு தோள் கோத்து நான்கு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். குரல் உடைந்தால் பக்கத்தில் இருப்பவள் பாட்டை வாங்கிக்கொள்வாள். யாராவது ஒருத்தி வரக்காப்பி கொண்டுவந்து "போதும், எந்திரி" என்பாள். நீங்களோ ராத்திரியில், கண்ணை முழுக்க மூடிக்கொண்டு, தனியாக அழுகிறீர்கள். எனக்குக் கவலை அதுதான்.

இன்னொரு கவலையும் உண்டு. அவர் பதில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, குரல் மட்டும்தான் அவருடையது. அந்தச் சொற்களை இயந்திரம் கோக்கிறது. உங்களவர் சில நாள் பேசாமல் இருந்திருப்பார். சில நாள் கோபித்திருப்பார். இது ஒருநாளும் கோபிக்காது, எத்தனை மணியானாலும் "போய்ப் படு" என்றும் சொல்லாது. நாள் போகப் போக இது சொன்னதும் அவர் சொன்னதும் நினைவில் கலந்துவிடும். அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கருவியில் திமிங்கலத்தோடு நீந்துவதுபோலக் காட்டினார்கள். சில நாள் கழித்து, நிஜமாகவே நீந்தினோம் என்று சில பிள்ளைகள் நம்பினார்கள். 2009இல் வெளியான ஆய்வு இது. பேரன் பேத்தி இருந்தால் தயவுசெய்து அவர்கள் கண்ணில் இதை மாட்டாதீர்கள். தாத்தா சொல்லாத ஒன்று அவர்கள் மனதில் தாத்தா சொன்னதாகத் தங்கிவிட வேண்டாம்.

மகன் மேல் எனக்குக் கோபமில்லை. அப்பாவுக்காக அழ அவனுக்குத் தெரிந்த வழி இதுவாக இருக்கலாம். அவனிடம் ஒன்று கேளுங்கள்: பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, அவர் உண்மையில் பேசிய பேச்சை மட்டும் விட்டுவைக்கட்டும். அந்தக் குரலை முன்பின் தெரியாத வலைத்தளம் எதிலும் ஏற்றவும் வேண்டாம். குரலைத் திருடிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கருவியை ஒரேயடியாகத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். வாரம் ஒரு நாள் போதும், அதுவும் பகலில், உட்கார்ந்தபடி, மகள் பக்கத்தில் இருக்கும்போது. கழற்றியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிஜ வாசலில் உட்காருங்கள். கழற்றிய கையோடு சுற்றியுள்ளதெல்லாம் நிஜமில்லாததுபோல் தோன்றுவது சிலருக்கு உண்டு, பயப்பட வேண்டாம். ராத்திரியில் அந்தப் பெட்டி மகளிடம் இருக்கட்டும்.

வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை என்று எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் கடந்தும் துக்கம் அன்றாட வேலையையே முடக்கினால் அதற்கு உதவி தேவை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கத்துக்கு என்று தனி இடமே உண்டு. அரசு நடத்தும் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசலாம். இந்த வாரமே பேசுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் ஒரு நிமிடமும் தள்ளிப்போடாதீர்கள், மகளையும் எழுப்புங்கள்.

அடுத்த முறை மகன் வரும்போது மூன்று பேரும் உட்கார்ந்து அந்தப் பழைய வாட்ஸ்ஆப் பதிவுகளைப் போனிலேயே கேளுங்கள். அதில் இருமலும் இருக்கும், பின்னால் மழைச் சத்தமும் இருக்கும். அவர் என்னவெல்லாம் பேசியிருக்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.