தட்டிவிடாத கால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கால்பந்தில் சூதாட்டம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜெஸ்ஸி பென்னிங்டன் என்ற பழைய இங்கிலாந்து ஆட்டக்காரரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 1912 எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்து கிளப்புகள் மோதும் நாக்அவுட் போட்டி) இறுதியாட்டத்தில், தன்னைத் தாண்டி ஓடியவனைக் காலால் தட்டிவிட்டிருந்தால் கோலைத் தடுத்திருக்கலாம், ஆனால் அவர் செய்யவில்லை என்று. அதைப் பெருமையாகச் சொன்னது எனக்கு உறுத்தியது. நான் கல்லூரி டீமில் பேக், அதாவது பின்னால் நின்று தடுப்பவனாக, ஆடியவன். "பந்து போனா ஆளு போகக்கூடாது, ஆளு போனா பந்து போகக்கூடாது" என்று எங்கள் கோச் தினமும் ஓதுவார். தன் பெயர் கெடக்கூடாதென்று மற்ற பத்துப் பேரின் உழைப்பைக் கைவிட்டவர் எப்படி நல்ல ஆட்டக்காரர்? அதே வரியில் அவர் லஞ்சத்தை மறுத்ததையும் சேர்த்திருந்தீர்கள். இரண்டும் ஒன்றா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

ஒன்றல்ல. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டது என் சோம்பல்தான். பென்னிங்டனைப் பற்றி யார் எழுதினாலும் இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள், நானும் வைத்துவிட்டேன். இப்போது பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் உங்கள் கோச்சின் கட்சியில் நின்றே பேசுகிறேன். 1912 ஏப்ரல் 20, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானம். டைட்டானிக் மூழ்கி ஐந்தாவது நாள். பென்னிங்டனின் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனும் பார்ன்ஸ்லியும் கோல் இல்லாமல் முடித்தன. பார்ன்ஸ்லி அப்போது இரண்டாம் டிவிஷன் அணி. ஆனால் எளிதில் கோல் வாங்காத அணி. அந்த வருடக் கோப்பைக்காக மொத்தம் 12 ஆட்டம் ஆடினார்கள், அதில் 6 ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். நாலு நாள் கழித்து ஷெஃபீல்டின் பிராமல் லேனில் மறு ஆட்டம். அதிலும் 90 நிமிடத்தில் கோல் இல்லை. கூடுதல் அரை மணி நேரமும் கரைந்து, இன்னும் இரண்டே நிமிடம் பாக்கி. அப்போதுதான் பார்ன்ஸ்லியின் ஹாரி டஃப்னெல் நடுக்கோட்டுப் பக்கம் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்.

அன்றைய பேக் வேலையை இன்றைய கண்ணால் பார்க்கக்கூடாது. பின்னால் நிற்பவர்கள் இரண்டே பேர். அவர்களுக்கு முன்னால் நடுவில் ஆடும் மூன்று ஹாஃப், அதற்கும் முன்னால் கோல் போட ஓடும் ஐந்து ஃபார்வர்டு. முன்னால் நிற்பவனுக்குப் பந்தைத் தள்ளும்போது அவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணி ஆட்கள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆஃப்சைட்; 1925 வரை அதற்கு இரண்டு பேர் போதாது, மூன்று பேர் வேண்டும். அதனால் ஒரு பேக் முன்னே ஏறி வலை விரிப்பார், மற்றவர் பின்னால் காவல் நிற்பார். சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் பந்தைத் தானே உருட்டிக்கொண்டு வருகிறவனை ஆஃப்சைட் விதி ஒன்றும் செய்யாது. பேக்கைத் தாண்டிவிட்டால் அப்புறம் கோல்கீப்பர் மட்டும்தான். டஃப்னெல் பென்னிங்டனைத் தாண்டினார். கீப்பர் ஹூபர்ட் பியர்சனையும் தாண்டிப் பந்து உள்ளே போனது. 1–0.

தட்டிவிட்டிருந்தால்? ஒரு ஃப்ரீ கிக், அவ்வளவுதான். மஞ்சள், சிவப்பு அட்டையெல்லாம் வந்தது 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில். (பென்னிங்டன் அதே வருடம்தான் காலமானார், 87 வயதில்.) தோளால் இடிப்பதும், பந்து பிடித்த கீப்பரை மோதுவதும் விதிப்படியே நடந்த காலம் அது. ஒரு கால் குறுக்கே வந்திருந்தால் யாரும் மூக்கில் விரல் வைத்திருக்க மாட்டார்கள். நானாக இருந்தால் யோசிக்காமல் தட்டியிருப்பேன்.

ஒரே ஒரு திருத்தம். தட்டியிருந்தால் கோப்பை கைக்கு வந்திருக்காது, மூன்றாவது ஆட்டம்தான் வந்திருக்கும். அதில் ஆல்பியன் ஜெயித்திருக்குமா என்பது வேறு விஷயம். "பத்துப் பேரின் உழைப்பு" என்ற உங்கள் கணக்கில் இதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 118ஆவது நிமிடத்தில், அதுவும் நாலு நாளில் இரண்டாவது ஆட்டத்தில், தன்னை மீறி ஓடியவனை ஒருவர் தட்டாமல் விட்டதில் எவ்வளவு கொள்கை, எவ்வளவு களைப்பு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. தட்டுவதற்கும் எட்ட வேண்டுமே! சரி, எட்டும் தூரத்தில்தான் இருந்தார் என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது பணக் கதை. 1913 நவம்பர். சாமுவேல் ஜான்சன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பென்னிங்டனிடம் வருகிறார். (ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் பிறந்த லிச்ஃபீல்டும், ஆல்பியனின் ஊர் அன்று இருந்த அதே ஸ்டாஃபோர்டுஷர் மாவட்டம்தான். பொய்ப் பெயர் வைப்பதிலும் இலக்கிய ரசனை.) எவர்ட்டன் அணியோடு நடக்கும் ஆட்டத்தில் ஆல்பியன் ஜெயிக்கக்கூடாது. தோற்றாலும் சரி, டிரா ஆனாலும் சரி. கூலி 55 பவுண்டு, அதாவது ஆளுக்கு 5. தொகை அற்பமாகத் தெரியும். ஆனால் 1901இல் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு வாரம் 4 பவுண்டு என்று உச்சவரம்பு போட்டார்கள்; பிறகு 1910இல்தான் அதை 5 வரை ஏற்றினார்கள். எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் அதற்கு மேல் கிடையாது. ஆக வந்தவர் நீட்டியது ஒரு வாரச் சம்பளம்.

பென்னிங்டன் வந்தவரைத் திட்டி விரட்டவில்லை. விஷயத்தைச் சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னார், போலீஸ் காத்திருந்தது, ஆள் பிடிபட்டார். நிஜப் பெயர் பாஸ்கோ பயோலெட்டி. ஐந்து மாதம் சிறை.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஆட்டத்தின் முடிவு: 1–1. டிரா! ஒரு பைசா வாங்காமலேயே ஆல்பியன் அந்த ஆள் கேட்டதைச் செய்துவிட்டது. பென்னிங்டன் பேசாமல் இருந்து, பின்னால் விஷயம் கசிந்திருந்தால், ஸ்கோரைப் பார்த்து யார் நம்பியிருப்பார்கள்? ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, 1915 புனித வெள்ளியன்று மான்செஸ்டர் யுனைடெட்டும் லிவர்பூலும் 2–0 என்று பேசிவைத்து ஆடி மாட்டின, இரு பக்கமும் ஆட்டக்காரர்களுக்கு ஆயுள் தடை. வெளியே காற்று அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அவரைச் சாமியாக்கிவிடவும் வேண்டாம். 1910இல் சம்பளத் தகராறில் ஆல்பியனோடு முறைத்துக்கொண்டு கிட்டர்மின்ஸ்டர் ஹாரியர்ஸ் என்ற வேறு கிளப் பக்கம் போய்விட்டுத் திரும்பிவந்தவர். காசின் அருமை தெரிந்தவர். ஒருவனைக் கண்ணிக்குள் வரவிட்டுப் பிடிக்கவும் தெரிந்தவர். அதனால்தான் "தன் பெயர் கெடக்கூடாது என்பதற்காக" என்ற உங்கள் வாக்கியத்தை நான் ஏற்கவில்லை. சூது தெரியாத அப்பாவி என்றால் அப்படிச் சொல்லலாம். இவர் எதை எங்கே செய்யலாம் என்று பார்த்து வைத்திருந்தவர். டஃப்னெல் விஷயத்தில் அவர் கணக்கு என் கணக்கோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவே. லஞ்சத்தை மறுத்ததில் டீமுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தட்டாமல் விட்டதில் நஷ்டம் இருந்தது. முன்னதை நான் இன்றும் பாராட்டுவேன். பின்னதைப் பார்த்துத் தலையைச் சொறிவேன்.

எஃப்.ஏ. கோப்பை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆல்பியன் அடுத்து அதை ஜெயித்தது 1931இல், அவர் ஆட்டத்தை விட்டு ஒன்பது வருடம் கழித்து. ஆனால் லீக் பட்டம் 1920இல் வந்தது. 42 ஆட்டம், 104 கோல், கேப்டன் பென்னிங்டன், வயது 36. அதே ஏப்ரலில் ஹில்ஸ்பரோவில் ஸ்காட்லாந்தை 5–4 என்று ஜெயித்த இங்கிலாந்து அணியிலும் அவர் இருந்தார். இங்கிலாந்துக்கு அதுதான் அவருடைய 25ஆவது, கடைசி ஆட்டம்.

உங்கள் கோச்சாக இருந்தால் 1912 ஏப்ரல் 25 காலையிலேயே அவரை டீமைவிட்டுத் தூக்கியிருப்பார். ஆல்பியன் இன்னும் பத்து வருடம் வைத்திருந்தது.