பில்லில் 'காரியெபினஸ்' என்று இருந்தால் வாங்காதீர்கள்

கேள்வி: பண்ணைக்குட்டையில் நாட்டுக் கெளுத்தி விட நினைக்கிறேன். தரகர் காட்டிய பில்லில் 'கிளாரியஸ் காரியெபினஸ்' என்று இருக்கிறது. என்னிடம் உள்ள கையேட்டிலோ 'கிளாரியஸ் பட்ராகஸ்'. கேட்டால், "அறிவியல் பெயர் அடிக்கடி மாறும், மீன் ஒன்றுதான்" என்கிறார். உண்மையா? இந்தப் பெயர்களுக்கு என்ன அர்த்தம்?
- ஒரு விவசாயி, மன்னார்குடி

பதில்: மீன் ஒன்றில்லை. முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

'காரியெப்' என்பது தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆற்றுக்கு அந்த மண்ணின் மக்கள் வைத்த பெயர். அதை வைத்துத்தான் 1822-இல் பர்ச்செல் என்ற இயற்கை ஆய்வாளர் இந்த மீனுக்குக் 'காரியெபினஸ்' என்று பெயரிட்டார். ஆக, உங்களுக்கு வரவிருப்பது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இந்தியாவில் இதை வளர்க்கத் தடை இருக்கிறது. ஒரு மீட்டருக்கு மேல் வளரும், வாயில் அடங்கும் எதையும் விழுங்கும். அடைமழையில் குட்டை வழிந்தால் ஈரத்தரையில் ஊர்ந்தே வாய்க்காலுக்குப் போய்விடும். அப்புறம் அது போய்ச் சேரும் ஏரியில் நாட்டு மீன்கள் பாடு திண்டாட்டம்தான்.

'கிளாரியஸ்' என்ற முதல் சொல்லைக் காட்டி ஏமாற்றுவதுதான் தரகர்களின் வழக்கம். அது இனத்தொகுதியின் பெயர். தண்ணீரை விட்டு எடுத்தாலும் நெடுநேரம் உயிரோடிருக்கும் மீன் என்பதால், துடிப்பானது என்ற பொருள்பட கிரேக்கத்திலிருந்து எடுத்தது. ஆப்பிரிக்க மீனுக்கும் அதே முதல் சொல்தான். இரண்டாவது சொல்லைப் பாருங்கள். குஞ்சைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். விரல் நீளத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: செதில் இல்லாத வழவழப்பான உடம்பு, நான்கு ஜோடி மீசை.

பெயர் மாறியது உண்மைதான். அந்த அரை உண்மையை வைத்துத்தான் தரகர் பிழைக்கிறார். 'பட்ராகஸ்' என்றால் தவளை. 1758-இல் லின்னேயஸ் என்ற அறிவியலாளர் வைத்த பெயர். நம் நாட்டுக் கெளுத்தியையும் வெகுகாலம் அப்படியே அழைத்தார்கள். அந்தப் பெயருக்கு உரியது ஜாவா மீன், நம்முடையது வேறு என்று 2008-இல் ஆய்வாளர்கள் தெளிவாக்கினார்கள். அதனால் ஹாமில்டன் என்ற ஆய்வாளர் 1822-இல் வங்காள மக்களின் பேச்சிலிருந்து எடுத்து வைத்த 'மாகூர்' என்ற பெயர் திரும்ப வந்தது. நம் மீன் இப்போது 'கிளாரியஸ் மாகூர்'. பட்ராகஸ் மாகூர் ஆனதே தவிர, காரியெபினஸ் ஆகவில்லை. பில்லில் 'பட்ராகஸ்' என்று இருந்தால் உடனே மோசடி என்று நினைக்க வேண்டாம். பழைய கையேட்டைப் பார்த்து எழுதியிருப்பார்கள். குஞ்சு எந்தப் பொரிப்பகத்திலிருந்து வந்தது என்று மட்டும் கேளுங்கள். கையேட்டில் ஒரு சொல்லைத் திருத்தி அச்சடிக்க இத்தனை வருஷமா? தரகருக்கு இதைவிட வசதி வேண்டுமா?

'தாய் மாகூர்' (தாய்லாந்து மாகூர்) என்று யாராவது விலை குறைத்துச் சொன்னாலும் ஏமாறாதீர்கள். சந்தையில் அந்தப் பெயரில் விற்பதும் இதே ஆப்பிரிக்க மீன்தான்.

அரசுப் பண்ணையிலோ பதிவு பெற்ற பொரிப்பகத்திலோ நேரில் வாங்குங்கள். பில்லில் அறிவியல் பெயரின் இரண்டு சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். குஞ்சு ஏற்கெனவே குட்டையில் இறங்கிவிட்டதென்றால், பாவம் பார்த்து ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். வடிகாலை வலையால் அடைத்துவிட்டு, மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.