லிப்போசோம் சிரப் வந்துவிட்டது, கீமோவை நிறுத்தலாமா?

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ ஏறிக்கொண்டிருக்கிறது. முடியெல்லாம் கொட்டி, வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் ரொம்பத் தளர்ந்துவிட்டாள். சொந்தக்காரர் ஒருவர், கஞ்சமலை மூலிகைச் சாற்றை லிப்போசோம் என்கிற நுண்ணிய கொழுப்புப் பையில் அடைத்தது என்று ஒரு சிரப்பும், மஞ்சள்-மிளகு மாத்திரையும் வாங்கி வந்து, இனி கீமோவே வேண்டாம் என்கிறார். கொடுக்கலாமா?
*வாசகி, அம்மாபேட்டை, சேலம்*

பதில்: கீமோவை நிறுத்தாதீர்கள் சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

செடியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து வருமா என்றால், வந்திருக்கிறது. நம் வீட்டு வாசலில் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, அதிலிருந்து எடுத்ததுதான் வின்கிறிஸ்டின். ரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ குழந்தைகளை 1960-களிலிருந்து பிழைக்க வைத்துக்கொண்டிருக்கிற மருந்து. பசிபிக் யூ மரப் பட்டையிலிருந்து வந்தது பாக்ளிடாக்சல். மார்பகப் புற்றுநோய்க்கு அடிக்கடி கொடுப்பது அது, உங்கள் அக்காவுக்கே ஏறிக்கொண்டிருக்கலாம். ஆனால் இரண்டுமே சாறு இல்லை. அரை டன்னோ அதற்கும் மேலோ காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் வின்கிறிஸ்டின் பிரித்தெடுப்பார்கள், அதையும் மில்லிகிராம் கணக்கில் அளந்துதான் ஏற்றுவார்கள். அதே செடியை வீட்டில் அரைத்துக் குடித்தால் விஷம். சாற்றில் நூற்றுக்கணக்கான பொருட்கள் இருக்கும். மழைக்கு முன் பறித்த இலைக்கும் பின் பறித்த இலைக்கும் அளவு மாறும். உங்கள் கையில் இருக்கிற பாட்டிலில் எது எவ்வளவு இருக்கிறது என்று விற்றவரைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, லிப்போசோம். சோயாவிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இருக்கிற ஒருவகைக் கொழுப்பைத் தண்ணீரோடு சேர்த்தால் தானாகவே நுண்ணிய பைகளாகச் சுருண்டுகொள்ளும். 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹாம் இதைக் கவனித்தார். தண்ணீரில் கரையும் மருந்தைப் பைக்குள்ளேயும், கரையாததைப் பையின் சுவரிலும் ஏற்றலாம். கண்ணுக்கே தெரியாத 100 நானோமீட்டர் அளவு என்பதால், புற்றுக்கட்டியின் ஓட்டையான ரத்தக்குழாய் வழியே கசிந்து அங்கேயே தங்கும் என்று எதிர்பார்த்தார்கள். எலிகளில் நன்றாகவே நடந்தது, மனிதரில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆனாலும் பலன் கிடைத்தது. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸில் என்ற லிப்போசோம் மருந்து, உள்ளே இருக்கும் டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து இதயத்தைக் கெடுப்பதைக் குறைத்தது (பதிலுக்கு உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரியும்). சீன மரம் ஒன்றின் பொருளிலிருந்து உருவான இரினோடிகான் என்ற கீமோ மருந்தை இதே மாதிரி அடைத்து, 2015-இல் கணையப் புற்றுநோய்க்கு அனுமதி கொடுத்தார்கள். ஆக, லிப்போசோம் வெறும் வண்டி. ஏற்றிய சரக்கு மருந்தாக இருந்தால்தான் பலன்.

இன்னொன்று, நான் சொன்ன இரண்டு லிப்போசோம் மருந்துகளும் ரத்தநாளத்தில் ஏற்றுபவை. வாய்வழி போகிற சாதாரண லிப்போசோமை வயிற்று அமிலமும் பித்தநீரும் பெரும்பாலும் உடைத்துவிடும்.

எனக்கு அதிகம் கவலை அந்த மஞ்சள்-மிளகு மாத்திரைதான். மஞ்சளில் இருக்கிற குர்குமின் உடம்பில் சேருவதே கஷ்டம். மிளகின் பிப்பரினைச் சேர்த்தபோது ரத்தத்தில் அதன் அளவு 20 மடங்கு வரை கூடியது என்று 1998-இல் வந்த ஆய்வை வைத்துத்தான் இப்படி விற்கிறார்கள். அதே பிப்பரின், கீமோ மருந்துகளைக் கல்லீரல் உடைக்கிற வேகத்தையும் மாற்றக்கூடும். அதோடு மஞ்சள் மாத்திரை தின்று கல்லீரல் வீங்கியவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவே இருக்கிறது. குழம்பில் போடுகிற மஞ்சளும் ஏற்காட்டு மிளகு ரசமும் வேறு, அவற்றுக்குப் பயம் வேண்டாம், வாய்ப்புண் ஆறுகிறவரை காரத்தை மட்டும் குறையுங்கள்.

அந்த வாய்ப்புண்ணை டாக்டரிடம் சொன்னீர்களா? கொப்பளிக்க மருந்து உண்டு, தேவைப்பட்டால் கீமோ அளவையும் மாற்றுவார்கள். பாட்டிலையும் மாத்திரையையும் எடுத்துப்போய் அவரிடமே காட்டுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் பணம் என்றால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு.

கேள்வி: ஏற்காட்டுச் செடி ஒன்றின் சாற்றை லிப்போசோமில் அடைத்துப் புற்றுச் செல்களில் சோதிக்க எம்.எஸ்ஸி. புராஜெக்ட் எடுத்திருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
*மாணவர், சேலம்*

பதில்: நல்ல வேலை தம்பி, விடாமல் செய்யுங்கள். வெறும் லிப்போசோமையும் தனியாகப் போட்டுப் பாருங்கள், சில கொழுப்புகள் தாமே செல்லைக் கொன்றுவிடும். சாதாரண செல்லையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே அளவில் செத்தால் அது நஞ்சு, மருந்தில்லை. சாற்றில் எத்தனை சதவீதம் உள்ளே ஏறியது, எத்தனை நாளில் கசிகிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். காப்புக்காட்டில் செடி பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும், அதை முதலில் வாங்குங்கள்.