பழைய சிக்னலும் புதிய படமும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

மூன்று மாடிக் கட்டடத்துக்குள் ஒருவர் நிற்கும் இடத்தைச் சொல்லும் ஆண்ட்ராய்டு ஆப் செய்கிறேன். இரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளி, ஒவ்வொன்றிலும் நான்கு திசையில் திரும்பி நின்று வைஃபை சிக்னலைப் பதிந்துவிட்டேன். கேமரா சொல்லும் இடத்தையும் வைஃபை சொல்லும் இடத்தையும் 60-40 என்று சராசரி எடுக்கிறேன். நின்றால் பரவாயில்லை, நடந்தால் கேமரா மட்டும் இருப்பதைவிட மோசம். விகிதத்தை மாற்றவா, பெரிய நியூரல் நெட்வொர்க் போடவா?

அன்புள்ள நண்பருக்கு,

நம் உடம்பே சிக்னலை மறைக்கும் என்று தெரிந்து நான்கு திசையிலும் நின்றிருக்கிறீர்கள். அந்தப் பொறுமை பலருக்கு இல்லை. அப்படிப்பட்டவர் 60-40 போடலாமா? கேமரா முதல் மாடி என்று சொல்லி, வைஃபை இரண்டாம் மாடி என்று சொன்னால், சராசரி கான்கிரீட்டுக்குள் விழும். எந்த மாடி, எந்தப் பகுதி என்பதை வைஃபை சொல்லட்டும். அந்தப் பகுதியில் முன்பே எடுத்துவைத்த படங்களோடு மட்டும் கேமரா படத்தை ஒப்பிடுங்கள். விகிதத்தை விடுங்கள்.

நடந்தால்தான் கெடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டு நியூரல் நெட்வொர்க்கைக் கேட்கிறீர்களே! கோளாறு நேரத்தில் இருக்கிறது. கொஞ்ச நாளாக இதே யோசனையில்தான் இருக்கிறேன். படம் கண்ணிமைக்கும் முன் பதிவாகிவிடும். வைஃபை ஸ்கேன், அதாவது சுற்றியுள்ள ரூட்டர்களைத் தேடிப் பட்டியலிடும் வேலை, சேனல் (அலைவரிசை) சேனலாகப் போகும். முடிய மூன்று நான்கு நொடி ஆகலாம். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் அதற்குள் ஐந்து மீட்டர்வரை நகர்ந்திருப்பார். ஒரே பட்டியலில் இருக்கும் ரூட்டர்கள் வெவ்வேறு இடத்தில் கேட்டவை. போதாக்குறைக்கு, ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் திறந்திருக்கும் ஆப்புக்கே இரண்டு நிமிடத்துக்கு நான்கு ஸ்கேன்தான். அதற்குமேல் கேட்டால் பழைய பட்டியலே கிடைக்கும். அதன்மேல் இப்போதைய நேரத்தைக் குத்திவிட்டுச் சராசரி எடுத்தால் என்ன வரும்? (ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இந்தக் கட்டுப்பாட்டை நிறுத்தலாம். உங்கள் சோதனைக்கு உதவும். பயனர் கையில் உதவாது.)

ஒவ்வொரு ரூட்டரின் பதிவிலும் அதன் சிக்னல் கடைசியாகக் கிடைத்த நேரம், போன் பூட் ஆனதிலிருந்து மைக்ரோநொடிக் கணக்கில் இருக்கிறது. அதை எடுங்கள். கேமரா நேரம் நானோநொடியில் வரும், ஆனால் எல்லா போனிலும் அதே கடிகாரம் அல்ல. கேமரா எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது என்று சொல்லும் டைம்ஸ்டாம்ப் சோர்ஸ் 'ரியல்டைம்' என்றால் நேராக ஒப்பிடலாம். 'அன்நோன்' என்றால், போன் தூங்கிய நேரத்தைச் சேர்க்காத கடிகாரமாக இருக்கக்கூடும். வித்தியாசத்தை அளந்து கூட்டுங்கள், போன் விழிக்கும்போதெல்லாம் மறுபடி அளங்கள்.

ஒரு தாழ்வாரத்தில் போய்த் திரும்பிப் பாருங்கள். போகும்போதும் வரும்போதும் வைஃபை புள்ளிகள் உங்களுக்குப் பின்னாலேயே விழுந்தால் அது இரைச்சல் (தற்செயலான சிதறல்) அல்ல, தாமதம். பின்தங்கிய தூரத்தை நடைவேகத்தால் வகுத்தால் எத்தனை நொடி என்று தெரிந்துவிடும். புள்ளிகள் முன்னும் பின்னும் சமமாகச் சிதறும்வரை நியூரல் நெட்வொர்க் பேச்சு வேண்டாம். அதன்பிறகும் சரிவராவிட்டால் மூலப் பதிவை அப்படியே அனுப்புங்கள், சராசரி எடுக்காமல்.